சுவருக்கு அந்தப் பக்கத்து வகுப்பு

மேடம் சொல்லும் ஜோக்குக்கு என் ஓரகத்தி முதலில் சிரிப்பாள். அந்த ஜோக் என் போனுக்கு வந்து சேர்வது அதற்கப்புறம்தான். இன்னொருத்தி சிரித்து முடித்ததைக் கேட்டு நான் என்ன செய்ய? சிரிப்பு வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவள் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. கோலார் தங்க வயலில், ஊரிகத்தில் லைன் வீடுகளில் அடுத்தடுத்துக் குடியிருக்கிறோம். சுரங்கக் கம்பெனி தன் ஆட்களுக்காகக் கட்டிப்போட்ட வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழத்துக்கு வெட்டவெளி, அதற்கு மேல் வரிசை முழுவதற்கும் ஒரே தகரம். அவள் வீட்டில் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் ஒரே ஆன்லைன் வகுப்பில் இருந்தோம். அவளுக்கு லேப்டாப்பும் வைஃபையும். எனக்குப் போன், அதில் டேட்டா. அதனால் மேடத்தின் குரல் முதலில் சுவருக்கு மேலே வரும், ஒரு மூச்சு கழித்து என் கையில் இருக்கும் போனில் வரும். வகுப்பு முழுக்க அவள் சாப்பிட்ட எச்சிலைத்தான் நான் சாப்பிடுவது போல எனக்குத் தோன்றும்.

நான் பொழுது போகாமல் அந்த வகுப்பில் சேரவில்லை. பல வருஷமாக விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய், ஒரு துணிக் கம்பெனி ஆபீசில் பில் போட்டுவிட்டு, இருட்டின பிறகு வீட்டுக்கு வருகிறவள் நான். அப்பா காலத்தில் சுரங்கத்துக்குள் கேஜில் இறங்கினார்கள், எங்கள் காலத்தில் ரயிலில் ஏறுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். அவருக்கும் பகல் வெளிச்சம் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு நர்சரிப் பள்ளி இருக்கிறது. அதை நடத்துகிறவர், "குழந்தைங்களுக்குப் பாடம் எடுக்கற டிப்ளமோ ஒண்ணு முடிச்சிட்டு வாங்கம்மா. ஜூன்ல எடம் காலியாவுது, உங்களுக்குன்னு வெச்சிருக்கேன்" என்று சொல்லியிருந்தார். டிப்ளமோ வந்தால் ரயில் இல்லை. வராவிட்டால் காலத்துக்கும் ரயில்தான். அதற்காகத்தான் சேர்ந்தேன்.

அவளோ, நான் சேர்ந்ததைக் கேட்டுவிட்டுச் சேர்ந்தாள்.

"சும்னே தான்க்கா. ஊட்லயே தானே கீறேன், நானும் சேர்ந்துக்கறேன். உங்களுக்கும் தொணையா இருக்கும்."

துணையாம். முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது அந்தத் துணையின் லட்சணம். மேடம் "எல்லோரும் தெரிகிறீர்களா" என்று கேட்டு முடிப்பதற்குள் இவள் கேமராவைத் திறந்து, தலைக்குப் பின்னால் ஜன்னல் வராமல் லேப்டாப்பைத் திருப்பி வைத்து, "குட் மார்னிங் மேம், உங்க பின்னாடி இருக்கற செடி சூப்பரா இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டாள். அரை மணி நேரத்தில் நாலு பேருக்குச் சத்தம் வராமல் போனதைச் சரி செய்தாள். மைசூர்க்காரி ஒருத்தியை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். மேடம் ஒரு சந்தேகம் கேட்டால் அதற்குப் பதில் சொல்வாள். பதில் தெரியாவிட்டால், "தெரியல மேம், ஆனா இப்படி இருக்குமோ?" என்று தெரியாததையும் ஒரு பதிலைப் போலச் சொல்வாள். அதற்கும் மேடம் "குட்" என்பார். எனக்குப் பதில் தெரியும். நான் ஒரு வட்டம். வட்டத்துக்குள் என் பெயரின் முதல் எழுத்து, அதன் ஓரத்தில் மைக்கின் மேல் சிவப்புக் கோடு.

இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம் என்று வயிறு எரிந்தது. ஒரு நாள் அவளாகவே சொன்னாள். ஊரடங்கு வந்தபோது அவள் பி.காம். கடைசி வருஷம். பங்காருப்பேட்டையில் அம்மா வீட்டில் கட்டிலில் உட்கார்ந்தபடியே அந்த வருஷம் முழுக்கப் படித்தாள்.

"அந்த வருசம் மாதிரி ஜாலியே வராதுக்கா. எங்க சாருக்கு எதை அமுக்கணும்னே தெரியாது, நாங்கதான் சொல்லிக் குடுத்தோம். ஒருத்தன் ஊட்டு மாடு கிளாஸ் நடுவுல கத்திச்சு. சாரு அதுக்கும் அட்டென்டன்ஸ் போட்டாரு. யாருக்கும் ஒண்ணும் தெரியாது, அதனால யாருக்கும் வெக்கமே இல்ல."

அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் கேட்டுக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். பிறந்த வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. ஆன்லைன் வகுப்பு என்றாலே அவளுக்கு அம்மா வீடு. உள்ளே வந்தால் காலை நீட்டி உட்காருவாள், சமையலறை வரைக்கும் போய் எட்டிப் பார்ப்பாள். எனக்கு அது மாமியார் வீடு.

நானும் அதே ஊரடங்கில்தான் ஆன்லைன் வகுப்பைப் பார்த்தேன். கம்பெனியில் பில் போடுவதற்குப் புதிதாக ஏதோ சாஃப்ட்வேர் வாங்கினார்கள். வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளச் சொல்லி எங்களுக்கெல்லாம் வகுப்பு வைத்தார்கள். முதல் நாள். சொல்லிக்கொடுக்க வந்த ஆள் ஒரு கேள்வி கேட்டான். எனக்குப் பதில் தெரிந்தது. சந்தோஷத்தில் மைக்கைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் லைன் குழாயில் தண்ணீர் வந்தது. நாலைந்து நாளைக்கு ஒரு முறை வரும் தண்ணீர். அது வந்தால் எங்கள் லைனில் என்ன நடக்கும் என்று கோலார் தங்க வயல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"இன்னாடி, என் கொடத்த நவுத்திட்டு உன் கொடத்த வெக்கற? உங்கப்பன் ஊட்டுக் கொழாயா?"

அதற்கு மேல் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வந்ததை இங்கே எழுத முடியாது. மூன்று பாஷையும் தெரிந்த ஊர் எங்கள் ஊர், திட்டுவதில் ஒரு பாஷைக்கும் குறை வைக்க மாட்டோம். அத்தனையும் என் போன் வழியாக பெங்களூருக்குப் போனது. அப்புறம் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். "யாரம்மா அது, மார்க்கெட்டிலிருந்து வருகிறாயா?" என்று அவன் கேட்டான். மியூட் எங்கே இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே என்னை வகுப்பிலிருந்து வெளியே தள்ளிவிட்டான். ஊரடங்கு முடிந்து ஆபீசுக்குப் போன பிறகும் வெகுநாள், என்னைப் பார்த்ததும் "இன்னா, கொழாயில தண்ணி வந்துச்சா?" என்று ஒரு பெண் கேட்பாள். கேட்டுவிட்டு மற்றவர்களைத் திரும்பிப் பார்ப்பாள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. அன்றிலிருந்து என் மைக்குக்குப் பூட்டு. கேமராவுக்கும் பூட்டு. ஆன்லைன் வகுப்பில் மரியாதையாக இருப்பது என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அப்பா ஷிப்டுக்குப் போகும்போது டோக்கனை வாங்கிக்கொண்டு இறங்குவார். டோக்கன் போயிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று கணக்கு, அவ்வளவுதான். நானும் நேரத்துக்கு உள்ளே நுழைந்து, கடைசி வரைக்கும் இருந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேண்டும் என்று மேடம் போன் செய்து சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நீங்கள் தவறாமல் வருகிறீர்கள், ஆனால் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை, நீங்கள் போனை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறீர்களோ என்றுகூட நினைத்தேன், வகுப்பில் கலந்துகொள்வதற்குத் தனி மார்க் உண்டு, அது இல்லாமல் சர்ட்டிபிகேட் தர மாட்டார்கள் என்றார். எனக்குக் காது அடைத்துவிட்டது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள் வேறு வேலை பார்த்தவளாம். செடி சூப்பர் என்று சொன்னவள் கலந்துகொண்டவளாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அன்றைக்கு வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். இது ஒரு கோர்ஸா, அந்த அம்மா சொல்வது ஒன்றும் புரியவில்லை, பாதி நேரம் ஆட்டமும் பாட்டுமாக இருக்கிறது என்றேன்.

"அவ நல்லா கீதுன்னு சொல்றாளே. ரெண்டு பேருக்கும் ஒரே கோர்ஸ் தானே?" என்றார்.

நான் அடுப்படிக்குத் திரும்பினேன்.

"ஒண்ணு பண்ணேன். அவ லேப்டாப்லயே நீயும் குந்திக்கினு பாரு. டேட்டாவும் மிச்சம்."

அன்றைக்கு இரவு அவருக்குத் தட்டில் விழுந்த சோறு கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தப் பழமொழி எனக்கும் தெரியும். ஆனால் எனக்குக் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தது. அவள் ஆடிக்கொண்டிருந்த அதே கூடம். அதுதான் தாங்க முடியவில்லை. அவளுடைய லேப்டாப்பின் மேல் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். வைஃபையின் மேலும் இருந்தது. எல்லாவற்றையும்விட அவளுடைய சந்தோஷத்தின் மேல்தான் அதிகம். அவளுக்குத் தேவையே இல்லாத ஒரு வகுப்பில் அவள் சந்தோஷமாக இருந்தாள். எனக்கு உயிர் போகிற அளவுக்குத் தேவையான வகுப்பில் நான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன்.

கோர்ஸ் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அது நடந்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு குழந்தை இருந்தால் என்ன செய்வீர்கள் என்று மேடம் கேட்டார். ஒருத்தி பாட்டுப் பாடுவேன் என்றாள். ஒருத்தி நட்சத்திர ஸ்டிக்கர் கொடுப்பேன் என்றாள். மைசூர்க்காரி, அந்தக் குழந்தையை முன்னால் வரவழைத்து எல்லோரையும் கை தட்டச் சொல்வேன் என்றாள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். மைக் வழக்கம் போலப் பூட்டித்தான் இருந்தது. எனக்கு அந்தக் கைதட்டலைக் கேட்டதும் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"எல்லார் எதிர்லயும் நிக்க வெச்சு கை தட்டினா எந்தப் புள்ள பேசும்? மூத்திரம்தான் போவும்" என்று கீரையிடம் சொன்னேன். "அத்த கேள்வியே கேக்காத. ஒரு வேலையக் குடு. சாக்பீஸ் எடுத்தாரச் சொல்லு. இது போதுமா, இன்னும் வேணுமான்னு கேக்கறதுக்காவது வாயத் தொறக்கும். தொறந்ததும் திரும்பிப் பாக்காத. பாத்தா மூடிக்கும்."

சொல்லி முடித்து நிமிர்ந்தேன். சுவருக்கு மேலிருந்து மேடத்தின் குரல் வந்தது. அந்த நேரத்தில் அவர் பதில் கேட்டிருந்தது என் ஓரகத்தியிடம். அவளுடைய மைக் திறந்திருந்தது. நான் கீரையிடம் சொன்னது தகரத்தில் பட்டு அந்தப் பக்கம் இறங்கி அவளுடைய லேப்டாப் வழியாக வகுப்புக்குப் போய்விட்டது. மேடம் பெங்களூரில் தமிழர்கள் இருக்கிற தெருவில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் புரியும். "சூப்பர்! இத்தனை வாரமாக இந்த ஒரு பதிலுக்காகத்தான் காத்திருந்தேன்" என்று அவளைப் பாராட்டினார். என் ஓரகத்தியைப் பார்த்து, அவள் பெயரைச் சொல்லி.

ஒரு மூச்சு கழித்து அதே பாராட்டு என் போனிலும் வந்தது. என் பதிலுக்கு அவளுக்குக் கிடைத்த பாராட்டை நான் முதலில் சுவர் வழியாகக் கேட்டேன், அப்புறம் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். யாருக்காவது இப்படி நடந்திருக்குமா? திரையில் கைதட்டும் பொம்மைகள் வரிசையாக மேலே ஏறின.

போனை அணைத்தேன். நேரே போய் மிக்சியைப் போட்டேன். ஜாரில் காய்ந்த மிளகாயும் உப்பும் தவிர ஒன்றும் இல்லை. அரைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவளுடைய வகுப்பில் யாரும் யாரையும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. மிக்சி சூடேறித் தானாக நிற்கும் வரைக்கும் ஓட்டினேன். நின்றபோது சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பு முடிந்திருந்தது.

அந்த வாரம் அவளிடம் பேசவில்லை. ஒரு நாள் ரயிலுக்குப் போகும்போது வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அந்த பதில் விசயமா மேடம் உங்கள..."

"உனக்கு வந்த பேரு உனக்கே இருக்கட்டும்மா. எனக்கு டிரெயினுக்கு நேரமாவுது."

அவள் முகம் சுருங்கியது. நடிக்கிறாள் என்று நினைத்தேன். ரயிலில் பெங்களூர் போய்ச் சேரும் வரைக்கும் அவளை நன்றாகத் திட்டினேன், மனசுக்குள். அந்த வாரம் ரயில் பயணம் அலுக்கவே இல்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பேசியாக வேண்டும். நான் போகப்போவதில்லை என்றேன். "போவாத. திங்கக்கெழம டிரெயின் எங்கயும் போயிடாது" என்றார் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். அந்த மனுஷனுக்கும் சில நேரம் பேசத் தெரியும். உள்ளே நுழைந்தேன்.

மேடம் முதலில் கூப்பிட்டது என்னைத்தான்.

"போன வாரம் அந்தப் பதிலைச் சொன்னது நீங்கள்தானே? நான் பாராட்டிய உடனேயே உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், அது எங்க அக்கா சொன்னது மேம், எனக்கு அது தோணவே இல்லை என்று. ஏதோ மிக்சி ஓடியது, ஒன்றும் கேட்கவில்லை. அதனால் சாட்டில் எழுதிக் காட்டினார். இன்றைக்கு நீங்களே எல்லோருக்கும் சொல்லுங்கள்."

இதை நான் சுவர் வழியாக ஒரு முறை கேட்டேன். போனில் இரண்டாம் முறை கேட்டேன். இரண்டாம் முறையும் அதேதான்.

விரல் மைக்கின் மேல் இருந்தது. அமுக்கப் போகும்போது வெளியே குழாய் செருமியது. தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வருகிற சத்தம். அடுத்த நொடி லைன் முழுக்கக் குடங்கள் உருண்டன. யாரோ யாரையோ "ஏய்" என்றார்கள். என் விரல் திரும்ப வந்துவிட்டது. மார்க்கெட், சிரிப்பு, வெளியே தள்ளியது, எல்லாம் அப்படியே வந்து எதிரில் நின்றது. ஜூன் மாதமும் நர்சரிப் பள்ளியும் கண்ணுக்கு எதிரில் கரைந்துபோயின.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. செருப்புச் சத்தம் ஓடியது. அப்புறம் வெளியே அவள் குரல்.

"ஸ்வல்ப சும்மா இருங்கடி எல்லாரும்! எங்கக்கா கிளாஸ்ல பேசப் போவுது. யாராவது வாயத் தொறந்தீங்க, கொழாய மூடிட்டு மேலயே குந்திக்குவேன். வரிசையா வைங்க கொடத்த."

எங்கள் லைனில் குழாயடியில் பேச்சு நின்றதை நான் பிறந்து பார்த்ததில்லை. அன்றைக்கு நின்றது. தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மைக்கைத் திறந்தேன். கேமராவையும் திறந்தேன், கை தவறி முதலில் தகரக் கூரையைக் காட்டினேன். இங்கிலீஷில் ஆரம்பித்தேன், கன்னடத்துக்குப் போனேன், தமிழில் முடித்தேன். கீரையிடம் சொன்னதையே சொன்னேன், மூத்திரத்தை மட்டும் விட்டுவிட்டேன். பேசிய குழந்தையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றபோது மேடம் கண்ணைத் தாழ்த்தி ஏதோ எழுதினார். யாரும் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. என்னை யாரும் வெளியே தள்ளவில்லை.

வெளியே வந்து பார்த்தேன். என் வாசலில் என் குடங்கள் நிரம்பி, வரிசையாக இருந்தன. அவளுடைய குடங்கள் அப்போதுதான் குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தன.

"பேசிட்டீங்களாக்கா? நான் கேக்கவே முடியல" என்றாள், முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே. "பரவால்ல, ரெக்கார்டிங்ல பாத்துக்கறேன்."

சர்ட்டிபிகேட் வந்தது. ஜூனில் வேலையும் வந்தது. பகல் வெளிச்சத்தில் நடந்து போய், பகல் வெளிச்சத்தில் நடந்து வருகிறேன். கோர்ஸ் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் நன்றாக இருந்தது என்கிறேன், அடுத்த தடவை இன்னொன்றில் சேரலாம் என்றுகூட இருக்கிறது. வகுப்பில் நன்றாகக் கலந்துகொண்டவர் என்று கடைசியில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளைத்தான். கைதட்டும் பொம்மையை நானும் அமுக்கினேன், எல்லோருக்கும் கடைசியாக.

ஒன்றுக்காக மட்டும் இன்றுவரை அவளை என்னால் மன்னிக்க முடியவில்லை. என் பதிலை அவள் திருடியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! ஆயுசு முழுக்க நிம்மதியாக வயிறு எரிந்துகொண்டிருப்பேன். இப்போது எரிவதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவருக்கு மேலே அவள் சிரிப்புக் கேட்டால், கையில் இருப்பதை வைத்துவிட்டு, எதற்குச் சிரிக்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.